மஞ்சள் காமாலைக்குத் தடை உத்தரவு

என் தொழில் வாழ்க்கையில் நான் முதன்முதலாக உண்டாக்கியது ஒரு மஞ்சள் காமாலை.

கறுப்புக் கோட்டு தைத்து வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பட்டாபிராமிலிருந்து தினமும் மின்சார ரயிலைப் பிடித்து ஒரு சீனியர் வக்கீலின் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு கட்சிக்காரர் வந்தார். அப்பீல் போட வேண்டிய கெடு முடிந்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. தாமதத்தை மன்னிக்கும்படி கோர்ட்டில் மனு போட வேண்டும். அந்த நாற்பத்தொரு நாளும் மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அதில் சொல்ல வேண்டும். அவரிடமே கேட்டேன். "சும்மாதாம்மா இருந்தேன்" என்றார். நேர்மையான பதிலாயிற்றே என்று அதை அப்படியே எழுதி சீனியரிடம் நீட்டினேன்.

சீனியர் கண்ணாடியைக் கழற்றினார். "சும்மா இருந்தார்னு எழுதினா எந்த ஜட்ஜும்மா மன்னிப்பாரு? மஞ்சள் காமாலைன்னு போடு. நாட்டு மருந்து சாப்பிட்டார்னு போடு. நாட்டு வைத்தியர் சர்டிபிகேட் தர மாட்டாரு, அதனால யாரும் கேக்கவும் மாட்டாங்க."

போட்டேன். மனு அனுமதிக்கப்பட்டது. அன்று சாயங்காலம் ரயிலில் நின்றுகொண்டே வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகுதான் தெரிந்தது, எங்கள் பக்கத்துக் கோர்ட்டுகளில் கெடு தாண்டி வருகிற அத்தனை பேருக்கும் இதே வியாதிதான் என்று. கொசுவுக்குப் பஞ்சமில்லாத ஊர். ஆனால் மனுவில் ஒருவருக்கும் மலேரியா வந்ததில்லை. எல்லோருக்கும் காமாலை, எல்லோருக்கும் நாட்டு வைத்தியம், எல்லோரும் வக்கீலைப் பார்க்க வருவதற்கு முதல் நாள் பூரண குணம். வக்கீலாக இருந்த வருஷங்களில் நானே ஒரு வார்டு நிறைய நோயாளிகளை உருவாக்கியிருப்பேன்.

பிறகு நீதிபதி தேர்வு எழுதினேன். இரண்டு முறை கோட்டை விட்டு, மூன்றாவது முறை தேறினேன். தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். முடிவு வந்த அன்று ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தவர், லட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் ரயில் ஏறிவிட்டார். முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் "எம் பொண்ணு ஜட்ஜாயிட்சு" என்று லட்டைக் கொடுத்துக்கொண்டே சென்ட்ரல் வரைக்கும் போய், காலி டப்பாவோடு திரும்பி வந்தார்.

முதல் நாள் நான் கோர்ட் ஹாலுக்குள் நுழைந்தபோது, நீதிபதிக்கு முன்னால் நடந்து வரும் டவாலி "சைலன்ஸ்" என்றார். உட்கார்ந்திருந்த எல்லோரும் சடாரென்று எழுந்து நின்றார்கள். யார் வருகிறார்கள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

ஊர் ஊராக மாற்றலாகி அலைந்து, கடைசியில் திருமுல்லைவாயிலில் குடியிருந்தபடி போய்வரும் தூரத்தில் ஒரு கோர்ட் கிடைத்தது. கிடைத்த கையோடு உயர் நீதிமன்றத்தில் அனுமதி வாங்கி, ஆவடி தாண்டி இருந்த ஒரு தனியார் சட்டக் கல்லூரியில் சனிக்கிழமைதோறும் பாடம் எடுக்கப் போனேன். சம்பளம் கிடையாது. கொடுத்திருந்தாலும் வாங்க முடியாது. ஆனால் எனக்கு அந்த வகுப்பு தேவையாக இருந்தது. நீதிபதி வேலை என்பது பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு கேட்கிற வேலை. நானோ பேச்சுக்காரி. வாரம் முழுக்க அடக்கி வைத்ததையெல்லாம் சனிக்கிழமை காலை மாணவர்கள் தலையில் கொட்டினேன்.

கோர்ட்டில் சாட்சி சொல்வதை எழுத்துத் தமிழாக்கி டைப்பிஸ்டுக்குச் சொல்வதும் என் வேலை. குறுக்கு விசாரணையில் வக்கீல் ஒன்றைக் கேட்பார். சாட்சி, "ஆமா சார், நான் அங்கதான் இருந்தேன்" என்பார். நான், "சம்பவ இடத்தில் இருந்தேன் என்று சொன்னால் சரிதான்" என்பேன். மறுத்தால், "என்று சொன்னால் சரியல்ல." இந்த வாய்ப்பாடு நாக்கில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிட்டது. சாம்பாரில் உப்பு இல்லையா என்று கணவர் கேட்டால், "உப்பு போட மறந்துவிட்டேன் என்று சொன்னால் சரிதான்" என்பேன். வகுப்பில் மாணவர்களைக் கூண்டில் ஏற்றி இதையே விளையாட்டாக ஆடுவோம். மணி அடித்தாலும் ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள்.

வழக்குகளுக்கான காலக்கெடுச் சட்டம் நடத்துகிற நாள்தான் வருஷத்திலேயே எனக்குப் பிடித்த நாள். காமாலைக் கதைகளை வரிசையாக எடுத்துவிடுவேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். அந்த வருஷம் சிரிப்பு தலைக்கேறி, கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போட்டேன்: "இந்த வகுப்பில் மஞ்சள் காமாலைக்கு நிரந்தரத் தடை உத்தரவு பிறப்பிக்கப்படுகிறது."

முதல் பெஞ்சில் ஒருவர் மட்டும் சிரிக்காமல் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். கடைசி வருஷ மாணவி. வயது முப்பத்தொன்பது. பட்டாபிராம்காரர். ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் பதினாறு வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்துவிட்டு வக்கீலாக வேண்டும் என்று வந்தவர். வீட்டில் அவருக்கு மூன்று வருஷம்தான் அவகாசம் கொடுத்திருந்தார்கள், அதற்குமேல் ஒரு நாள் கிடையாது. அதை அவரே ஒருமுறை சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

கடைசிப் பருவத் தேர்வு நெருங்கியபோது, வருகை குறைவான மாணவர்களின் மனுக்களைப் பார்க்க கல்லூரியில் ஒரு கமிட்டி போட்டார்கள். பிரின்சிபாலும் இரண்டு ஆசிரியர்களும் இருந்தார்கள். "நீங்க ஜட்ஜ் மேடம், சும்மா ஒரு மணி நேரம் உக்காருங்க" என்று என்னையும் சேர்த்துக்கொண்டார் பிரின்சிபால். எனக்கு வந்த அனுமதிக் கடிதத்தில் பாடம் எடுக்கலாம் என்றுதான் இருந்தது, கமிட்டி பற்றி ஒன்றும் இல்லை. உட்கார்ந்தேன். மனுக்களைக் கோர்ட் பிரமாணப் பத்திரம் மாதிரியே எழுதி வரச் சொன்னதும் நான்தான்.

டெங்கு, டைபாய்டு, தண்டுவடப் பிடிப்பு, அக்கா கல்யாணம், ரயில் மறியல் என்று ரகரகமாக வந்தன. என் தடை உத்தரவுக்கு அத்தனை மரியாதை. கடைசியில் அந்த முதல் பெஞ்சு அம்மாவின் மனு வந்தது. மஞ்சள் காமாலை.

அதை நானே சத்தமாகப் படித்தேன். இரண்டாம் பத்தி: வைத்தியர் வீடு பட்டாபிராம் தாண்டி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் உள்ளது, வாசல் முருங்கை மரத்தில் பழைய ஸ்கூட்டர் டயர் தொங்குகிறது. மூன்றாம் பத்தி: மருந்து குடித்ததும் பத்து நிமிடம் கிழக்கே பார்த்துப் பேசாமல் நிற்க வேண்டும். நான்காம் பத்தி: அவ்வாறு நின்றபோது வைத்தியரின் வான்கோழி மனுதாரரின் சேலையைக் கடித்தது. வான்கோழியில் எனக்குக் குரல் உடைந்துவிட்டது. கமிட்டியே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. நான் கோர்ட் தோரணையில் உத்தரவு சொன்னேன்: "தடை செய்யப்பட்ட நோயைத் தேர்ந்தெடுத்த துணிச்சலைப் பாராட்டுகிறோம். காமாலைக்கும் சர்டிபிகேட் இல்லை, வான்கோழி கடித்ததற்கும் சர்டிபிகேட் இல்லை. மனு தள்ளுபடி."

அவர் மேஜைக்கு எதிரே பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஹால் டிக்கெட் இல்லாமல் தேர்வு இல்லை. தேர்வு போனால் ஒரு வருஷம் போச்சு. ஒரு வருஷத்துக்கு அவர் வீட்டில் இடமில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று நான் வெகு உற்சாகமாக வீட்டுக்குப் போய் கணவரிடம் வான்கோழிக் கதையைச் சொன்னேன். மறுநாள் தங்கையிடம் போனில் சொன்னேன். திங்கட்கிழமை கோர்ட்டில் டைப்பிஸ்டிடமும் சொன்னேன்.

புதன்கிழமை ஒரு சுற்றுச்சுவர் வழக்கு. மீன் விற்கிற ஓர் அம்மா சாட்சி. எதிர்த்தரப்பு வக்கீல் சுவரின் உயரத்தைக் கேட்டார். அந்த அம்மா அவரைப் பார்க்கவேயில்லை. கூண்டிலிருந்து எக்கி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜட்ஜம்மா, ஒண்ணு சொல்லட்டா? உன் கண்ணு இன்னா இப்டி மஞ்சளா கீது? காமாலைம்மா அது. இங்க குந்திகினு இன்னா பண்ற, ஊட்டுக்குப் போ."

டைப்பிஸ்டின் விரல்களுக்குப் பல வருஷப் பழக்கம், நிற்கத் தெரியாது. "அம்மா," என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார், "நீதிபதியின் கண்கள் மஞ்சளாக உள்ளன, அது வரைக்கும் வந்துடுச்சு. எடுத்துடட்டுமா?" எதற்கெடுத்தாலும் ஆட்சேபம் சொல்கிற எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். என் கண்ணை உற்றுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். வழக்குக்கு வாய்தா போட்டுவிட்டு அறைக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். அந்தச் சாட்சி சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

ரத்தப் பரிசோதனை அதையே சொன்னது. பூந்தமல்லியில் மெட்ரோ பள்ளத்தின் ஓரமாக நின்று குடித்த கரும்பு ஜூஸாக இருக்கலாம் என்றார் டாக்டர். மருந்தென்று பெரிதாக ஒன்றுமில்லை, ஓய்வும் பத்தியமும்தான். லீவு கேட்டு மாவட்ட நீதிபதிக்கு, அதாவது என் மேலதிகாரிக்கு, போன் செய்தேன்.

"என்னம்மா உடம்புக்கு?"

"மஞ்சள் காமாலை சார்."

அவரும் வக்கீலாக இருந்தவர்தானே. "சர்டிபிகேட் இருக்கில்லம்மா?" என்று கேட்டவர், அதற்குமேல் தாங்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. என்னிடம் லேப் ரிப்போர்ட் இருந்தது. அது இல்லாமல் இதே சிரிப்புக்கு எதிரே நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

கணவருக்கு ஒரே கொண்டாட்டம். காமாலைக் கண் பற்றிய அந்தப் பழமொழியை ஒரு நாளைக்குப் பத்து முறை சொன்னார், நான் அதை இங்கே எழுதப் போவதில்லை. "எதுக்கும் நாட்டு மருந்தும் குடிச்சிடலாம் யுவர் ஆனர். நல்ல வைத்தியர் யாராச்சும் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்திருந்தது ஒரே ஒரு விலாசம். சிரிப்பதற்காக மூன்று பேரிடம் சொல்லிச் சொல்லி அது மனப்பாடமே ஆகியிருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் ஸ்கூட்டரில் போனோம். ரயில்வே கேட்டைத் தாண்டினோம். முருங்கை மரம் இருந்தது. டயரும் இருந்தது. "இரண்டாம் பத்தி சரி" என்றேன். கணவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

வைத்தியர் லுங்கியோடு வந்து என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். "வெறும் வயிறா? புளி கூடாது, எண்ணெய் கூடாது, மோருஞ்சோறுதான்" என்று சொல்லிவிட்டு, கீழாநெல்லி அரைத்துக் கலக்கிய மோரை ஒரு டம்ளர் கொடுத்தார். "குட்ச்சிட்டு பத்து நிமிசம் கெயக்க பாத்து நில்லு. பேசக் கூடாது."

மூன்றாம் பத்தியும் சரி. கிழக்கே பார்த்து நின்றேன். பத்து நிமிஷம் பேசாமல் இருப்பது எனக்கு நோயைவிடக் கஷ்டம். நான்காவது நிமிஷத்தில் பின்னால் களகளவென்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பவும் கூடாது. என் முந்தானையை யாரோ வெடுக்கென்று இழுத்தார்கள். ஓரம் பர்ரென்று கிழிந்தது. கணவர் "ஏய், போ, போ" என்று எதையோ விரட்டிக்கொண்டு ஓடினார். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. பேசத்தான் கூடாது, சிரிக்கக் கூடாதென்று வைத்தியர் சொல்லவில்லையே என்று நினைத்தேன். தோள் குலுங்கக் குலுங்க, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட, சூரியனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் கொஞ்சம் அழுகையும் இருந்தது.

பத்து நிமிஷம் முடிந்ததும், "சர்டிபிகேட் தருவீங்களா?" என்று வைத்தியரிடம் கேட்டேன்.

"எனுக்கு எய்த வந்தா நான் ஏம்மா எலய அரைச்சிகினு கீறேன்?"

ஹால் டிக்கெட் கொடுக்கக் கடைசி நாள் திங்கட்கிழமை. நேரில் தெரிந்த ஒன்றை வைத்து நீதிபதி தீர்ப்பு எழுதக் கூடாது. அப்படித் தெரிந்திருந்தால் நாற்காலியை விட்டு இறங்கிச் சாட்சியாக வர வேண்டும். வருஷாவருஷம் நான் நடத்துகிற பாடம் இது. பிரின்சிபாலுக்குப் போன் செய்து, இனி நான் கமிட்டியில் இல்லை என்றும், திங்கள் காலை ஒரு சாட்சி விசாரிக்கப்பட வேண்டும் என்றும் சொன்னேன். பிறகு முதல் பெஞ்சு அம்மாவைப் போனில் கூப்பிட்டேன்.

"மேடம், நான் செவ்வாக்கெயமயிலேர்ந்து கம்பெனிக்குப் போறேன் மேடம். பேசிட்டேன். என் மிஷினே காலியா கீதாம்."

"திங்கக்கிழமை காலேஜுக்கு வாங்க. உங்க மனுவுல சாட்சி இருக்கு."

"யாரு மேடம்?"

"நான்தான்."

திங்கள் காலை அதே மேஜை, அதே பிரின்சிபால், அதே இரண்டு ஆசிரியர்கள். ஒன்பது நாளுக்கு முன்னால் அந்த அம்மா நின்ற இடத்தில் நான் நின்றேன். டயரையும் மருந்தையும் கிழக்கையும் வரிசையாகச் சொன்னேன். சாட்சிக்கென்றே கட்டி வந்த அதே சேலையின் கிழிந்த முந்தானையை மேஜை மேல் விரித்தேன். அந்த அம்மா தன் பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து அதன் பக்கத்தில் விரித்தார். ஓரத்தில் அதே மாதிரி ஒரு கிழிசல், தையல்காரி கையால் பொடிப்பொடியாகத் தைத்து மூடியிருந்தது. பிரின்சிபால் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் உதடு துடித்தது.

"மனுதாரர் சாட்சியை ஏதாவது கேக்கணுமா?" என்றார் பிரின்சிபால், பேச்சுக்குத்தான்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். நிமிர்ந்து நின்றார். நான் சொல்லிக்கொடுத்த தமிழ் அப்படியே வந்தது.

"என் மனுவைப் படிக்கும்போது நீங்கள் சிரித்தீர்கள் என்று சொன்னால் சரிதானா?"

"சிரித்தேன் என்று சொன்னால் சரிதான்."

"அப்போது நான் உங்களுக்கு எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன் என்று சொன்னால்?"

"சரிதான்."

"உத்தரவு போடுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று சொன்னால்?"

எதிரில் நிற்பவரைக் கேட்காமல் எதையும் தள்ளாதே என்பதுதான் நான் முதல் வகுப்பில் சொல்வது. இவர் அதையும் முதல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார். எத்தனையோ பேர் வாயிலிருந்து நான் பதிவு செய்த அந்தச் சொல்லை இப்போது நானே சொல்ல வேண்டியிருந்தது.

"சரிதான்" என்றேன்.

"வேறு கேள்வி இல்லை."

பிரின்சிபால் மனுவை அனுமதித்துக் கையெழுத்துப் போட்டார். பத்தாவது நிமிஷம் ஆபீசிலிருந்து ஹால் டிக்கெட் வந்தது. அந்த அம்மா அதில் ஒட்டியிருந்த தன் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வராந்தாவுக்கு வந்ததும் அதைப் பைக்குள் வைத்துவிட்டு, அதே பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்தார். என் முந்தானையின் கிழிந்த ஓரத்தைக் கையில் பிடித்தார். மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்து, தடை உத்தரவை ரத்து செய்வது, வைத்தியர், வான்கோழி என்று நான் மூச்சு விடாமல் பேசத் தொடங்கினேன்.

அவர் ஊசியில் நூலைக் கோத்து, நுனியைப் பல்லில் கடித்து அறுத்தார்.

"ஆடாதீங்க மேடம்" என்றார். "கெயக்க பாத்து நில்லுங்க. பேசக் கூடாது."

நின்றேன்.